நாலு ஐம்பது எண்பது!

50-ஐ 4-ஆல் பெருக்கினால் எவ்வளவு? 200 என்று பளிச்சென்று சொல்பவர்கள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவர்கள். கார் ஸ்டீரியோ உலகத்தில் விடை 80. இந்த வாய்ப்பாடு தெரியாமல் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குள் (ஜி.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்கே புரியும்) கனமான பர்ஸோடு நுழைகிறவர்கள், திரும்பும்போது பர்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

ஸ்டீரியோ பெட்டியின் மேல் '4 x 50 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். நாலு ஸ்பீக்கர், ஆளுக்கு ஐம்பது என்று அர்த்தம். பி.காம். படித்தவனுக்கு வாட்ஸைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். பாலன்ஸ் ஷீட்டில் நஷ்டம் லாபமாக வேஷம் கட்டி வருவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வாட்ஸ் கட்டும் வேஷமும் சுலபமாகத் தெரிந்துவிடும்.

கணக்குப் போடுவோம். எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி, ஓமால் வகுத்தால் வாட்ஸ். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கினால் 207.36. அதை நாலால் வகுத்தால் 51.84. 'அதான் ஐம்பது வந்துடுச்சே ஸார்!' என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். இது வோல்ட்டேஜ் உச்சத்திலேயே நின்றுகொண்டு, மேலும் கீழும் சதுரம் சதுரமாகக் குதித்தால் கிடைக்கிற ஐம்பது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் காரில் இருப்பவர்கள் கதவைத் திறந்துகொண்டு குதித்துவிடுவார்கள். பாட்டு என்பது ஏறி இறங்குகிற அலை. அலைக்குக் கிடைப்பது இதில் பாதி, அதாவது 26. உள்ளே இருக்கிற சின்ன ஐ.சி. தன்னுடைய கமிஷனை எடுத்துக்கொண்டது போக, சிதையாமல் சுத்தமாக வெளியே வருவது 18-லிருந்து 22. இருபது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு இருபது எண்பது.

நல்ல கம்பெனியாக இருந்தால் இந்த உண்மையைப் பொடி எழுத்தில் ஒப்புக்கொண்டிருப்பார்கள். 'ஆர்.எம்.எஸ்.' என்ற மூன்று எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண் எதுவோ அதுதான் நிஜம். அந்த மூன்று எழுத்தே இல்லாத பெட்டியைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

இதாவது தேவலை. டூ-இன்-ஒன் காலத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று ஒரு சமாசாரம் இருந்தது. டிபன் டப்பா சைஸ் பிளாஸ்டிக் பெட்டியில் '1000 வாட்ஸ்' என்று வெள்ளி ஸ்டிக்கர் மின்னும். 1000 வாட்ஸ் என்பது ஒரு இஸ்திரிப் பெட்டி. டார்ச் லைட் பாட்டரியில் இஸ்திரிப் பெட்டி எரியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பி.எம்.பி.ஓ.வை எப்படி அளக்கவேண்டும் என்று விதியே கிடையாது. கம்பெனிக்காரர் ஆசைப்பட்ட எண்தான் அளவு.

இந்த வயசில் இதையெல்லாம் நோண்டவேண்டிய அவசியம் எனக்கு வந்ததற்குக் காரணம் என் மச்சினன். வயது 27, கிண்டியில் ஆபீஸ். கல்யாணம் நிச்சயமானதும் கார் வாங்கியே தீருவது என்று முடிவாயிற்று. மாதத் தவணை அவனுடையது. முன்பணம் என் மாமனாருடையது. ரிடையர் ஆனபோது கைக்கு வந்த கிராஜுவிட்டியில் ஒரு பகுதி. முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் புரட்டிச் சேர்த்த காசு. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, அதில் ஒரு ரூபாய் வீணானாலும் அடுத்த பொங்கல் வரை பேச்சு நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும். என்னைத் துணைக்கு அனுப்பியதே அதற்காகத்தான்.

ஷோரூமில் ஒரே காருக்கு மூன்று படி வைத்திருந்தார்கள். கீழ்ப்படியில் ஸ்டீரியோ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி. நடுப்படியில் ஸ்க்ரீனும் நாலு ஸ்பீக்கரும். மேல்படியில் இன்னும் பெரிய ஸ்க்ரீன், பெரிய பெயர் பொறித்த எட்டு ஸ்பீக்கர், கூரையில் கண்ணாடி ஜன்னல், தோல் மாதிரி தெரியும் ஸீட். நடுவுக்கும் மேலுக்கும் வித்தியாசம் ஒன்றரை லட்சம்.

"சவுண்டுக்காகத்தான் மாமா டாப் எண்ட் பாக்கறேன்."

"சவுண்டை மட்டும் தனியா குடுப்பாங்களா மாப்ளே?"

"அது குடுக்க மாட்டாங்க. எல்லாம் சேர்த்துதான்."

"அப்ப கூரையில ஓட்டைக்கும் நாமதான் காசு குடுக்கணும்?"

கல்யாண மண்டபத்தை வாடகைக்குக் கேட்டால், 'எங்க சமையல்காரர், எங்க மேளம், எங்க பந்தல்' என்று சொல்வார்களே, அதே டெக்னிக். ஸ்பீக்கரை மட்டும் விற்றால் ஸ்பீக்கர் விலைதான் கேட்க முடியும். சன்ரூஃபோடு மூட்டை கட்டினால் எதற்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது.

நான் பேப்பரை எடுத்தேன். அந்த ஒன்றரை லட்சமும் கடனில்தான் வரப்போகிறது. ஒன்பதரை சதவீத வட்டி, 7 வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 2,450 ரூபாய். முழுசாகக் கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 2,06,000. ஒன்றரை லட்ச ரூபாய் சவுண்டுக்கு 56,000 ரூபாய் வட்டி. ஷோரூம் பையன் என் பேப்பரை எட்டிப் பார்த்துவிட்டு, "ஸார் ஆடிட்டரா?" என்று கவலையோடு கேட்டான். இல்லை, பத்திரிகையில் எழுதுகிறேன் என்றதும் கவலை அதிகமானது.

மேல்படி சவுண்டு மோசம் என்று நான் சொல்லவில்லை. 2019-ல் கியா செல்டாஸின் மேல்படியில் போஸ் கம்பெனியின் 8 ஸ்பீக்கர் வந்தது. அதே வருஷம் டாடா ஹாரியரில் ஜே.பி.எல். 9 ஸ்பீக்கர். 2021-ல் மஹிந்திரா எக்ஸ்.யூ.வி.700-ல் சோனி 12 ஸ்பீக்கர். இவையெல்லாம் சும்மா பெயருக்கு ஒட்டியவை அல்ல. கார் கம்பெனிக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. டிரைவரின் காது எங்கே இருக்கும், எந்தக் கண்ணாடியில் பட்டு ஒலி திரும்பும் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அதற்குத் தகுந்தபடி ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியாகச் சரிசெய்யலாம். போஸ்காரர்கள் ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து 1983 மாடல் காடிலாக் செவிலில் இதைத்தான் செய்தார்கள். ஆகவே சன்ரூஃபும் வேண்டும், ஸீட்டும் வேண்டும், காசும் இருக்கிறது என்பவர்கள் தாராளமாக மேல்படிக்குப் போகலாம். சவுண்டுக்காக மட்டும் ஏறவேண்டிய படியா அது என்பதுதான் என் கேள்வி.

*

கார்க் கம்பெனி கொடுத்த பாட்டைத்தான் கேட்கவேண்டும் என்கிற கட்டாயம் புதிதல்ல. 1956-ல் அமெரிக்காவில் க்ரைஸ்லர் கம்பெனி தன் கார்களில் கிராமபோனை ஆப்ஷனாகக் கொடுத்தது! நிஜமாகத்தான். 'ஹைவே ஹை-ஃபை' என்று பெயர். டாஷ்போர்டுக்குக் கீழே தட்டு சுழலும். நிமிஷத்துக்குப் பதினாறு சொச்சம் சுற்று மட்டும் சுற்றும் தனி ரகத் தட்டு. வீட்டில் இருக்கும் ரெக்கார்டு எதுவும் அதில் ஓடாது. அதற்கென்று தயாரான சில தட்டுகளைத்தான் மறுபடி மறுபடி கேட்கவேண்டும். சில வருஷங்களிலேயே மூடுவிழா நடந்துவிட்டது.

அதற்கு 26 வருஷம் முன்னால், 1930-ல், கார் தயாரிப்புக்கு சம்பந்தமே இல்லாத பால் கால்வின் என்பவர் சிகாகோவில் கார் ரேடியோ செய்து விற்க ஆரம்பித்திருந்தார். மோட்டார் காரில் பாடுவதால் 'மோட்டோரோலா' என்று பெயர் வைத்தார். பெயர் பிரபலமாகி, 1947-ல் கம்பெனியே அந்தப் பெயருக்கு மாறிவிட்டது. நம்மில் பலர் வைத்திருந்த செல்போனின் பூர்வாசிரமம் கார் ரேடியோ!

வெளியாள் செய்த பெட்டி எல்லா காரிலும் பொருந்தவேண்டுமானால் ஓட்டை ஒரே அளவாக இருக்கவேண்டும். அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவர்கள் ஜெர்மானியர்கள். அவர்களுடைய தர நிர்ணய நிறுவனமான 'டின்' வகுத்த அளவு 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். (தகர டின்னுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) உயரம் 100 ஆனால் அது 'டபுள் டின்'. உலகத்தில் பாதிப் பேர் காரில் தங்களுக்குப் பிடித்த செட்டை மாட்டிக்கொண்டது இந்த ஒரு ஓட்டையின் தயவில்தான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பல பேருக்கு ஷோரூமிலிருந்து வண்டி நேராகப் போன இடம் கோயில், அடுத்த இடம் ஸ்டீரியோ கடை. செட்டு மாட்டி, பின் கண்ணாடிக்குக் கீழே பலகையில் முட்டை வடிவ ஸ்பீக்கர் இரண்டைப் பதித்து, ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் கொடுத்துப் பதிவு செய்த 90 நிமிஷ காஸெட்டைப் போட்டால்தான் கார் வாங்கிய மாதிரி இருக்கும். அடுத்து திருட்டு பயம். அதற்காக முகத்தைக் கழற்றி எடுக்கிற மாதிரி செட்டு வந்தது. கல்யாண வீடுகளில் மூக்குக் கண்ணாடி டப்பா மாதிரி ஒன்றைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருந்த கனவான்களுக்குக் கண்பார்வையில் கோளாறு ஒன்றும் இல்லை. டப்பாவில் இருந்தது ஸ்டீரியோவின் முகம்.

இப்போது பல கார்களில் அந்த ஓட்டையே காணாமல் போய்விட்டது. ஸ்க்ரீன் டாஷ்போர்டோடு ஒட்டிப் பிறந்தது. பாட்டோடு ரிவர்ஸ் காமிராவும் அதில்தான், சில கார்களில் ஏ.ஸி.யும் அதில்தான். ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தான் அதோடுதான் பேசும். அதைப் பிடுங்கினால் காரின் மூளையில் ஒரு பகுதியைப் பிடுங்கினது போல. 2014-ல் அறிவிக்கப்பட்ட ஆப்பிள் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டும் ஸ்க்ரீனில் இருந்துவிட்டால், பிடுங்கவேண்டிய அவசியமும் இல்லை. பாட்டு போனிலிருந்து வருகிறது, ஸ்க்ரீன் தபால்காரர் வேலைதான் பார்க்கிறது.

ஆகவே மச்சினனிடம் சொன்னேன்: "நடுப்படி வாங்கு. ஸ்க்ரீனைத் தொடாதே. கதவைக் கவனி."

"கதவையா?" என்றான், இவர் உண்மையிலேயே பத்திரிகையில்தான் எழுதுகிறாரா என்கிற பார்வையோடு.

*

கதவுதான் விஷயமே. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வரும்போது முன்பக்கக் காற்றை நெருக்குகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்றைத் தளர்த்துகிறது. முன்னால் ஒரு வரவு, பின்னால் அதே அளவு பற்று. இரண்டும் சந்தித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அக்கவுன்டன்ஸி முதல் பாடம் படித்தவர்களுக்குத் தெரியும். பாக்கி பூஜ்யம். முக்கியமாக பாஸ் எனப்படும் கனமான ஒலிகள் இப்படித்தான் காணாமல் போகின்றன. கார்க் கதவோ உள்பக்கம் முழுக்க ஓட்டை. கண்ணாடி மோட்டாருக்கு ஒன்று, வயருக்கு ஒன்று, கை விட்டு ரிப்பேர் பார்க்க ஒன்று. மெல்லிய தகரம் வேறு, பாட்டோடு சேர்ந்து தானும் பாடும்.

இதற்கு மருந்து, ப்யூட்டைல் ரப்பரில் அலுமினியத் தாள் ஒட்டிய ஷீட். கதவின் வெளித் தகரத்தில் உள்பக்கமாக ஒட்டவேண்டும். உள் தகரத்தில் இருக்கும் ஓட்டைகளையும் மூடவேண்டும். (அடியில் தண்ணீர் வடிகிற துவாரத்தை மட்டும் மூடக்கூடாது. மூடினால் முதல் மழையில் கதவு குடமாகிவிடும்.) கடையில் விலை குறைவாக ஒரு கறுப்பு ஷீட்டும் காட்டுவார்கள். அது தார். நம் ஊர் மே மாத வெயிலில் கார் முழுக்க ரோடு போடுகிற வாசனை அடிக்கும். கொஞ்ச நாளில் இளகி வழியவும் செய்யும்.

கம்பெனி ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தால் உங்களுக்கே பரிதாபமாக இருக்கும். காகிதக் கூம்பு, நெல்லிக்காய் மாதிரி ஒரு காந்தம். நடுப்படிக் காரில் சிக்கனம் பிடிக்க இதைவிட வசதியான இடம் கிடையாது, ஏனென்றால் யாரும் கதவைத் திறந்து பார்த்துக் கார் வாங்குவதில்லை. இதை எடுத்துவிட்டு, முன் கதவு இரண்டிலும் ஆறரை இஞ்ச் ஸ்பீக்கரும், மேலே கண்ணாடி முக்கோணத்தில் குட்டி ட்வீட்டரும் தனித்தனியாக இருக்கும் 'காம்பொனென்ட்' ஜோடி ஒன்று போட்டால், அதே 20 வாட்ஸிலேயே வேறு காரில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். வாங்கும்போது 'சென்ஸிடிவிட்டி' என்ற எண்ணைப் பாருங்கள். 88-க்கும் 91-க்கும் இடையில் உள்ள 3 டெசிபல், வாட்ஸை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். ஆம்ப்ளிஃபையர் வாங்காமலேயே ஆம்ப்ளிஃபையர்!

இந்த 3 டெசிபலைக் கொஞ்சம் கவனியுங்கள். 20 வாட்ஸை 40 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். கூர்ந்து கேட்டால் கொஞ்சம் ஏறியது தெரியும், அவ்வளவுதான். காதுக்கு 'இரண்டு மடங்கு' என்று தோன்ற சுமார் 10 டெசிபல் கூடவேண்டும். அதற்கு வாட்ஸ் பத்து மடங்கு வேண்டும், அதாவது 200. பி.காம். முதல் வருஷத்தில் மார்ஷல் விதி என்று ஒன்று உண்டு. முதல் ஆரஞ்சுப் பழம் அமிர்தம், ஐந்தாவது பரவாயில்லை, பத்தாவதைக் கண்டாலே குமட்டும். வாட்ஸும் ஆரஞ்சுதான். ஒரே வித்தியாசம், ஆரஞ்சு கெடுப்பது வயிற்றை, இது காதை. வேலை செய்யும் இடங்களில் சத்தம் எவ்வளவு இருக்கலாம் என்று அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் போட்ட கணக்கில் 85 டெசிபலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான். கிண்டியிலிருந்து தாம்பரம் போவதற்குள் கோட்டா தீர்ந்துவிடும்.

செலவு செய்வதற்கு முன்னால் காசில்லாத வைத்தியம் ஒன்றும் இருக்கிறது. வங்கியில் வேலை பார்க்கும் என் நண்பர் ஒருவர், பாஸ் போதவில்லை என்று டிக்கி நிறைய ஒரு ஸப்-வூஃபர் பெட்டியை வாங்கி வைத்தார். ஊருக்குப் போகும்போது சூட்கேஸ்கள் மனைவி மடியில். அப்புறம்தான் தெரிந்தது, ஒரு கதவு ஸ்பீக்கரில் ப்ளஸ் மைனஸ் வயரை யாரோ மாற்றிக் கொடுத்திருந்தார்கள். ஒரு கதவு காற்றைத் தள்ளும்போது எதிர்க் கதவு இழுக்கிறது. மறுபடியும் பற்று வரவு, பாக்கி பூஜ்யம். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பாலன்ஸை நடுவில் வைத்து ஒரு பழைய மோனோ பாட்டைப் போடுங்கள். பாடகர் டாஷ்போர்டுக்கு நடுவில் உட்கார்ந்து பாடினால் சரி. எங்கிருந்தோ காரைச் சுற்றி ஆவி மாதிரி அலைந்தால் ஒரு ஸ்பீக்கரின் வயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். நண்பர் மாற்றினார், பாஸ் வந்தது. ஸப்-வூஃபர் பெட்டியின் மேல் இப்போது அவர் வீட்டு டெலிபோன் டைரக்டரிகளும் பூத்தொட்டியும் இருக்கின்றன.

*

ஒரு சனிக்கிழமை ஜி.பி. ரோட்டுக்குப் போனோம். மாமனாரும் வந்தார். "நான் சும்மா வர்றேன், நீங்க பாருங்க" என்றார். அவருடைய 'சும்மா'வுக்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியும்.

கடைக்காரர் எடுத்தவுடனே டெமோ போர்டில் ஒரு பாட்டைப் போட்டார். கடை ஷட்டரே ஆடியது. ஒரு பொத்தானை அழுத்தி விலை குறைந்த ஜோடி, இன்னொன்றை அழுத்தி விலை உயர்ந்த ஜோடி. உயர்ந்தது பிரமாதமாக இருந்தது. நான், "ரெண்டையும் ஒரே சத்தத்துல வெச்சுக் காட்டுங்க" என்றேன். காதுக்கு ஒரு பலவீனம் உண்டு, கொஞ்சம் சத்தமாக இருப்பதை 'நல்லா இருக்கு' என்று நினைத்துக்கொள்ளும். சத்தத்தை சமமாக்கியதும் 6,000 ரூபாய் வித்தியாசம் பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை.

அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாமனார், "பி.பி. ஸ்ரீநிவாஸ் ஏதாவது போடுங்களேன் தம்பி" என்றார். கடைப் பையன் சிரித்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் கடையில் பேசப்பட்ட புத்திசாலித்தனமான வார்த்தை அதுதான். மத்தளமும் மின்சார மேளமும் நிஜத்தில் எப்படி ஒலிக்கும் என்று நமக்கு அவ்வளவாகத் தெரியாது. மனிதக் குரல் தெரியும், பிறந்ததிலிருந்து கேட்கிறோம். குரல் கரகரவென்றோ மூக்கடைத்தோ வந்தால் ஒரு விநாடியில் கண்டுபிடித்துவிடுவோம்.

பாட்டு முடிந்ததும், "இதுல வார்த்தை புரியுது. விலை ஒசந்ததுல 'ஸ' எல்லாம் பாம்பு மாதிரி சீறுது" என்று தீர்ப்புச் சொன்னார். விலை குறைந்த ஜோடியே முடிவாயிற்று.

வேலை ஆரம்பித்தபோது மச்சினனைக் கதவுப் பக்கமே நிறுத்தினேன். கவனிக்கவேண்டிய விஷயங்கள் இருந்தன. பையன் கையில் கட்டிங் பிளேயரை எடுத்தால் கையைப் பிடிக்கவேண்டும். வயரை வெட்டி டேப் சுற்றினால், பிற்பாடு மின்சார சம்பந்தமாக எந்தக் கோளாறு வந்தாலும் கார்க் கம்பெனி அந்த டேப்பைக் காட்டி வாரன்ட்டி இல்லை என்று சொல்ல வழி இருக்கிறது. ஒவ்வொரு மாடலுக்கும் பொருந்துகிற 'கப்ளர்' கிடைக்கிறது, சில நூறு ரூபாய். கம்பெனி பிளக்கில் சொருகினால் போதும், ஒரு வயரும் வெட்டுப்படாது.

"மாமா, ஒரு ஆம்ப்ளிஃபையர் மட்டும்..." என்று இழுத்தான் மச்சினன்.

இங்கேதான் விளையாட்டு முடிந்து விபரீதம் ஆரம்பிக்கிறது. ஆம்ப்ளிஃபையருக்கு பாட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த வயர், எஞ்சின் பக்கத்துத் தகரத்தைத் துளைத்துக்கொண்டு டிக்கி வரை போகும். துளையில் ரப்பர் வளையம் இல்லையென்றால், வண்டி ஆட ஆட தகரம் வயரின் தோலை அறுக்கும். ஒருநாள் செம்பு பாடியைத் தொடும். கார் பாட்டரி அப்படிப்பட்ட நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளக்கூடியது. வயர் செக்கச்செவேலென்று பழுத்து, கார்ப்பெட் பற்றிக்கொள்ளும். இதைத் தடுப்பது ஒரு ஃப்யூஸ். அது பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருந்தாகவேண்டும். பல இடங்களில் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் மட்டும் ஃப்யூஸ் போட்டுவிட்டு, 'எல்லாம் சேஃப்டி ஸார்' என்பார்கள். தெருவில் பைப் உடைந்திருக்கும்போது சமையலறைக் குழாயை இறுக்கி மூடி என்ன பிரயோஜனம்? வயரும் செம்பு என்று சொல்லிச் செம்பு பூசிய அலுமினியமாகக் கொடுப்பதுண்டு. பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு வேஷம்.

இன்னொன்றும் உண்டு. இன்ஷூரன்ஸ் பாரத்தில் 'எலெக்ட்ரிகல் அக்ஸஸரீஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். நாம் வெளியில் மாட்டிய செட்டு, ஆம்ப்ளிஃபையர் எல்லாம் அதில் விலையோடு எழுதி, தனி பிரீமியம் கட்டினால்தான் காப்பு. பெரும்பாலோர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். திருடு போனாலோ எரிந்தாலோ, அந்தக் காலிக் கட்டத்துக்கு எதிரே காலித் தொகைதான் வரும்.

இதை மாமனார் காதில் விழும்படியே சொன்னேன். "எரியுமா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். ஆம்ப்ளிஃபையர் பேச்சு அதோடு அடங்கியது. முறையாக மாட்டினால் ஒன்றும் ஆகாது என்பதையும் நியாயத்துக்குச் சொன்னேன். ஆனால் அவர் ஏற்கெனவே வெளியே போய் டீ சொல்லிக்கொண்டிருந்தார்.

மொத்தம் நாலரை மணி நேரம். ஸ்பீக்கர் ஜோடி, இரண்டு கதவுக்கு ஷீட், கப்ளர், கூலி எல்லாம் சேர்ந்து 18,000 ரூபாய். பில்லை மாமனார் வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும் வழியில் அண்ணா சாலையில் ஒரு கதவு மூடிய சத்தத்தைக் கேட்டு மச்சினன், "மாமா, கதவு சத்தமே பெரிய கார் மாதிரி இருக்கு" என்றான். ஷீட் ஒட்டினால் அது ஒரு இனாம்.

பின் ஸீட்டிலிருந்து மாமனார், "அந்த பழைய ஸ்பீக்கர் எங்க?" என்றார்.

"கடையிலயே குடுத்துட்டேன்பா. அதை வெச்சு என்ன பண்றது?"

"வண்டியைத் திருப்பு."

திருப்பினோம். நாளைக்கு காரை விற்கும்போது புது ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிடலாம், அடுத்த காருக்குப் புதுசு ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. கப்ளர் போட்டிருப்பதால் அரை மணி நேர வேலை. எனக்குத் தோன்றியிருக்கவேண்டிய கணக்கை அவர் எனக்கு முன்னால் போட்டுவிட்டார், முப்பது வருஷ சர்வீஸ் சும்மாவா?

இரண்டு காகிதக் கூம்பும் இப்போது தினசரிப் பேப்பரில் சுற்றப்பட்டு, சணல் கட்டி, மாமனார் வீட்டுப் பரணில் இருக்கின்றன. மேலே ஸ்கெட்ச் பேனாவில் தேதி, காரின் நம்பர், 'இடது - வலது' எல்லாம் எழுதியிருக்கிறார். ஃபைல் நம்பர் போடாததுதான் பாக்கி.